ஸ்பானருக்கும் ஜாதகம் உண்டு!

தாத்தா ஓட்டிய கார் எப்போதோ கைமாறிவிட்டது. கார் நின்ற கொட்டகையில் இப்போது ஸ்கூட்டர் நிற்கிறது. ஆனால் மூலையில் துருவேறிய தகரப் பெட்டி ஒன்று மட்டும் இன்னும் கிடக்கிறதா? திறந்து பாருங்கள். இரண்டு மூன்று ஸ்பானர், ஒரு ஸ்குரூ ஸ்பானர், பிளக் கழற்றும் குழாய், டயர் நெம்பும் பட்டை - எல்லாம் கிரீஸும் தூசியுமாக இருக்கும். பழைய இரும்புக் கடைக்காரர் அதைத் தராசில் வைத்து, எடைக்கு இவ்வளவு என்று விலை சொல்லுவார். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு அது வெறும் இரும்பு. படிக்கத் தெரிந்தவருக்கோ, அது ஒரு கட்டு ஜாதகம்!

சென்னையில் சிம்ப்ஸன் கம்பெனியார் 1903இலேயே நீராவிக் கார் ஒன்றைக் கட்டி ஓட்டினார்கள். பழைய செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த வண்டலூரில், 1948இல் ஆரம்பமான ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி வான்கார்டு கார்களையும், 1961 முதல் ஹெரால்டு கார்களையும் தயாரித்தது. கம்பெனி மூடி வெகு காலமாகிவிட்டது. ஹெரால்டு கார்களை இன்றும் கண்ணின் மணிபோல் காத்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். காரோடு வந்த ஆயுதப் பெட்டியும் அசலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் ஆசை. அசல் எது, இடையில் வந்து சேர்ந்தது எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்குத்தான் பேடண்ட் முத்திரை உதவுகிறது. ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தால், குறிப்பிட்ட காலம் வரை வேறு யாரும் அதைச் செய்து விற்கக் கூடாது என்று சர்க்கார் கொடுக்கும் உரிமை இது. நம் நாட்டில் முதன்முதலாக 1856இல் இந்த உரிமையைக் கோரியவர் கல்கத்தாவிலிருந்த டி பென்னிங் என்ற என்ஜினீயர். எதற்குத் தெரியுமா? பங்கா இழுக்கும் யந்திரத்துக்கு!

லட்சக் கணக்கு

அமெரிக்க ஸ்பானர் என்றால் கணக்குச் சுலபம். பத்து லட்சமாவது பேடண்ட் 1911ஆம் வருஷம் ஆகஸ்டு 8ந் தேதி வழங்கப்பட்டது. இருபது லட்சமாவது 1935 ஏப்ரல் 30. முப்பது லட்சமாவது 1961 செப்டம்பர் 12. முதலாவது வண்டி டயருக்கு, இரண்டாவது வண்டிச் சக்கரத்துக்கு என்பது ஒரு வேடிக்கை! இந்த மூன்று மைல் கற்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். உங்கள் ஸ்பானரில் 1,910,000 என்று இருந்தால் அது 1933ஆம் வருஷத்துப் பேடண்ட். எண்ணுக்குப் பதில் தேதி மட்டும் இருந்தால், பெரும்பாலும் அது 1927க்கு முற்பட்ட முத்திரை. அந்த வருஷத்துச் சட்டம்தான் எண்ணைப் பொறிக்கச் சொல்லிற்று.

பிரிட்டிஷ் வழக்கம் வேறு. 1915 வரை வருஷா வருஷம் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள். ஆகவே எண்ணோடு வருஷத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1916இல் 100,001 என்று தொடங்கிய எண் வரிசை அதன் பிறகு தொடர்ந்து ஏறிற்று.

இங்கே ஓர் எச்சரிக்கை. பேடண்ட் தேதி, கருவி பிறந்த தேதி அல்ல. 'இதற்கு முன் பிறந்திருக்க முடியாது' என்பதை மட்டுமே அது சொல்லும். அக்காலத்து அமெரிக்கப் பேடண்டுக்கு ஆயுள் 17 வருஷம். அத்தனை வருஷமும் ஒரே எண்ணைப் பொறித்துக்கொண்டே இருக்கலாம். 'பேடண்டுக்கு விண்ணப்பித்திருக்கிறது' என்று மட்டும் இருந்தால், உரிமை கிடைப்பதற்கு முன்பே அதற்கான அச்சு தயாராகிவிட்டது என்று கொள்ளலாம்.

மாமல்லபுரத்திலும் இதே வழக்குத்தான். தருமராஜ ரதத்தில் பல்லவ மன்னரின் பட்டப் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பெயர்கள் எந்த மன்னருடையவை, கோயிலைக் குடைந்தவர்தாம் பெயரையும் வெட்டினாரா என்று அறிஞர்கள் வாதாடினார்கள். அங்குள்ள சின்னங்கள் எல்லாமே ராஜசிம்மன் படைப்பு என்று 1962இல் இரா. நாகசாமி எழுதியபோது வாதம் இன்னும் சூடு பிடித்தது. கல்லானால் என்ன, இரும்பானால் என்ன? ஒரே சாட்சியை நம்பித் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

துணைச் சாட்சிகள்

வேறு சாட்சிகள் உண்டு. 'மேற்கு ஜெர்மனி' என்று பொறித்திருந்தால் அது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால் சுதந்திரத்துக்கு முந்தியதாக இருக்க வழியில்லை. அந்த ஸ்தாபனமே 1947இல்தான் தோன்றியது. நாம் 'ஸ்டார்' என்று அழைக்கும் திருப்புளிக்கு ஹென்றி பிலிப்ஸ் பேடண்ட் பெற்றது 1936 ஜூலையில். 1930ஆம் வருஷத்துக் காரின் பெட்டியில் அது இருந்தால், பிற்பாடு யாரோ போட்டதுதான்!

அளவும் பேசும். பழைய விட்வொர்த் ஸ்பானரில் 1/4 என்று போட்டிருந்தால், அது போல்ட்டின் கனம். ஸ்பானரின் வாய் அகலமோ 0.525 அங்குலம்! ஹெரால்டு வந்த காலத்தில் அந்த முறை மாறி, வாய் அகலத்தையே அளவாகப் பொறித்தார்கள். ஆகவே ஹெரால்டு பெட்டியில் விட்வொர்த் ஸ்பானர்கள் நிறைய இருந்தால், வேறொரு முதிய கார் தன் சொத்தை அங்கே விட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவையும் ஒரே நிமிஷத்தில் அழித்துவிட ஒரு வழி உண்டு. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது! தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். எழுத்து மங்கலாக இருந்தால், மெல்லிய காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்தால் தெரியும். பிறகு எண்ணைக் கைப்பேசியில் தேடிப் பாருங்கள். கண்டுபிடித்தவர் பெயரும், அவர் சமர்ப்பித்த படமும் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

கடலோரத்து உப்புக் காற்றுக்கு இரும்பு என்றால் வெகு பிரியம். அது முழுவதையும் தின்று தீர்ப்பதற்கு முன், அல்லது தராசுத் தட்டு ஏறுவதற்கு முன், பெட்டியிலுள்ளதை ஒரு தடவை படித்து, ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள். இரும்பை எப்போது வேண்டுமானாலும் விற்கலாம்; அழிந்துபோன எழுத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.