இறுதி நோயும் இறப்பை வேண்டலும்

தீரா நோயுற்ற ஒருவர், "இனி என்னை வைத்திருக்க வேண்டாம், ஓர் ஊசியைப் போட்டு அனுப்பி விடுங்கள்" என்று வைத்தியரை வேண்டுவாராயின், அவ்வேண்டுதலை எப்பெயரால் அழைப்பது? தமிழ்ப் பத்திரிகைகள் இதற்குக் "கருணைக்கொலை" என்னும் ஒரே சொல்லைக் கையாண்டு வருகின்றன. தம்முள் வேறாகிய மூன்று செயல்களை அச்சொல் ஒருங்கே குறிப்பதனால் நோயாளரின் வீட்டிலே பெருங்குழப்பம் விளைகின்றது. வைத்தியர் தாமே ஊசி ஏற்றி உயிர் போக்குதல் ஒன்று. நோயாளி தாமே அருந்தி இறக்குமாறு மருந்து எழுதிக் கொடுத்தல் மற்றொன்று. பயன்படாச் சிகிச்சையை நிறுத்தி, நோவை மட்டும் தணித்து, நோயைத் தன் போக்கிற் செல்ல விடுதல் பிறிதொன்று. முன்னைய இரண்டும் இறப்பை வருவிப்பன. மூன்றாவது, வருகின்ற இறப்பைத் தடுக்காது விடுவது.

முதலாவது செயலை நெதர்லாந்தும் பெல்ஜியமும் 2002இலே சட்டத்துக்குட் கொணர்ந்தன. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 1997 முதல் இரண்டாவது மட்டும் நடைபெறுகின்றது. யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் பல வாழும் கனடா 2016 யூன் மாதத்தில் இரண்டையும் அனுமதித்தது. ஆங்கு நோயாளி தாமே எழுத்தில் வேண்டுதல் வேண்டும். ஒருவரையொருவர் சாராத இருவர் நோயை ஆராய்ந்து உடன்படல் வேண்டும். இறுதிக் கணத்திலும் நோயாளி மனம் மாறலாம். 2021இல், இறப்பு அண்மையில் இல்லாதார்க்கும் இவ்வழி திறக்கப்பட்டது. 2023ஆம் ஆண்டில் 15,343 பேர் இவ்வாறு இறந்தனர். அந்நாட்டில் இறந்தோருள் நூற்றுக்கு ஏறக்குறைய ஐவர் எனலாம்.

இந்தியா வேறு வழியிற் சென்றது. பம்பாய் கே. ஈ. எம். வைத்தியசாலைத் தாதி அருணா ஷான்பாக் 1973 நவம்பர் 27இல் அங்குப் பணிபுரிந்த ஒருவனாற் கழுத்து நெரிக்கப்பட்டு, மூளைக்கு உயிர்வளி செல்லாமையால் உணர்விழந்தார். அவரது நிலை இறுதி நோயன்று. ஆயினும் இந்தியாவிற் சட்டம் பிறந்தது அவரது கட்டிலருகேதான். எழுத்தாளர் பிங்கி விரானி, அவருக்கு உணவூட்டலை நிறுத்த அனுமதிக்குமாறு உச்ச நீதிமன்றத்தை வேண்டினார். அருணாவை முப்பத்தேழு ஆண்டுகளாகக் குளிப்பாட்டி, ஊட்டி, புரட்டிப் படுக்க வைத்த தாதியரோ அவர் வாழ வேண்டுமென்றனர். அத்துணை ஆண்டு கிடந்தும் அவருடலிற் படுக்கைப்புண் இல்லை என்பது கருதத்தக்கது. 2011 மார்ச் 7இல் நீதியரசர் மார்க்கண்டேய கட்ஜு, கியான் சுதா மிஸ்ரா ஆகியோர் விரானியின் மனுவைத் தள்ளினர். அருணாவின் சார்பிற் பேசும் உரிமை, நூலெழுதியவரைக் காட்டிலும் அவரை நாடோறும் பேணியவர்க்கே உண்டு என்பது அவர்தம் முடிபு. அதே தீர்ப்பில், உயிர்தாங்கும் சிகிச்சையை உயர் நீதிமன்றத்தின் அனுமதியுடன் நிறுத்தலாம் என்னும் விதியும் வகுக்கப்பட்டது. அருணா 2015 மே 18இல் நியுமோனியாவினால் இயல்பாகவே இறந்தார். அவர் விரும்பியது யாது என்பதை அறிய எவர்க்கும் வழியிருக்கவில்லை. அவ்வழியை முன்னரே அமைத்து வைத்தற்கு 2018 மார்ச் 9இல் ஐந்து நீதியரசர் இடங்கொடுத்தனர்: சித்தத் தெளிவுள்ளபோதே, "இன்ன நிலையில் இன்ன சிகிச்சை எனக்கு வேண்டா" என எழுதி வைக்கலாம். ஊசியேற்றி உயிர் போக்குதல் அங்கு இன்றும் குற்றமே.

இந்து சமயத்தார்க்கு இது புதிய எண்ணமன்று. வினோபா பாவே 1982 நவம்பரில் நோயுற்றபோது உணவையும் மருந்தையும் மறுத்து, 15ஆம் நாள் பவுனார் ஆசிரமத்தில் உயிர் நீத்தார். தற்கொலை முயற்சி அந்நாளிற் குற்றமாயிருந்தும் அவர்மேல் வழக்கெழவில்லை. சைவருள் சிலர், வினையை நுகர்ந்தே கழித்தல் வேண்டும். நோவைத் தணிப்பதும் அதற்கு இடையூறு என்பர். பல்வலிக்கு மருந்து தேடி ஓடுபவர் புற்றுநோயாளியிடம் மாத்திரம் வினைக்கொள்கை பேசுவது எவ்வாறு பொருந்தும்? கொழும்புத்துறையில் நெடுங்காலம் உறைந்த யோகர் சுவாமிகள் 1961இல் இடுப்பெலும்பு முறிந்தும், சக்கர நாற்காலியிலிருந்தே அன்பரை ஏற்று, 1964 பங்குனியில் மகாசமாதியுற்றார். அது ஞானியின் பொறை. அதனை அளவுகோலாகக் கொண்டு, நோவிற் புரளும் அயல்வீட்டுக் கிழவரை அளத்தல் அறமாகாது.

"சிவனே, என்னைக் கொண்டுபோ" என்று அக்கிழவர் அழைக்கும்போது, அவர் உண்மையில் வேண்டுவது யாது என்பதே முதலில் ஆராயற்பாலது. தாதியாயிருந்து பின் வைத்தியராகி, 1967இல் இலண்டனிற் புனித கிறிஸ்தோபர் இல்லத்தை நிறுவிய சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், இறப்போரின் துன்பத்தை "முழு நோவு" என்றார். உடல் நோவுடன் அச்சமும், பிள்ளைகட்குப் பாரமானோம் என்னும் நாணமும், கடனும், தீராப் பகையும் அதில் அடங்கும். இவற்றுள் உடல் நோவே எளிதில் தணிப்பது. உலக சுகாதார நிறுவனம் 1986இல் வகுத்த மூன்றுபடி முறையின் உச்சப்படியில் நிற்பது அபினியிலிருந்து பெறும் மோர்பின். அதனைச் சிறிதளவில் வாய்வழியே தொடங்கி, நோவு அடங்கும்வரை படிப்படியாகக் கூட்டுவர். அவ்வாறு முறையாகக் கொடுக்கும்போது அது மூச்சை நிறுத்துவது அரிது. எனினும், "மோர்பின் தொடங்கினால் முடிவுதான்" என்னும் அச்சத்தால் மருந்தை அலுமாரியிற் பூட்டி வைத்து, நோயாளியை இரவெல்லாம் அலற விடும் வீடுகளும் உள. கருணைக்கொலை என்னும் சொல் செய்த கேடுகளுள் இதுவே கொடிது.

உணவு பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. இறுதி நாட்களிற் பசி அடங்குவது நோயின் போக்கே, அது பட்டினியன்று. விழுங்கமாட்டாதாரின் வாயிற் கஞ்சியைக் கட்டாயமாக ஊற்றினால் அது சுவாசப்பையிற் புகுந்து மூச்சுத்திணறலை உண்டாக்கும். வாயை ஈரத்துணியால் நனைத்து, அருகிருந்து தேவாரம் ஓதுவது பட்டினி போட்ட பழிக்கு ஆளாக்காது.

இலங்கையிலோ, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின்படி பிறர் தற்கொலைக்கு உடந்தையாதல் பெருங்குற்றம். தற்கொலை முயற்சி குற்றமென்னும் விதி மட்டும் 1998இல் நீக்கப்பட்டது. ஆகவே கனடாவிலுள்ள மகன் அங்குள்ள வழக்கை நினைந்து இங்குள்ள வைத்தியரை வேண்டுவதாற் பயனில்லை. வைத்தியரிடம் வேண்டத்தக்கன வேறு. 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை நடந்தோர் திரட்டிய நிதியாற் தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை எழுந்தது. முன்னர்ப் பலர் மகரகமைக்கு அலைந்தனர். நோவு எவ்வாறு தணிக்கப்படும், மருந்தை வீட்டில் எவர் கொடுப்பது, மூச்சுத் திணறினால் யாது செய்வது, இயந்திரத்திற் பொருத்துவதால் நோய் மாறுமா அன்றி நாள்தான் நீளுமா என்பன அங்குக் கேட்கத்தக்க வினாக்கள்.

இந்தியாவில் அத்தகைய முன்விருப்பப் பத்திரத்தை இரு சாட்சிகள் முன் எழுதி, நொத்தாரிசு அல்லது அரச அலுவலர் ஒருவரின் உறுதியுடன் வைக்கலாமென 2023இல் நடைமுறை எளிதாக்கப்பட்டது. இங்கு அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றப்படவில்லை. எனினும் ஒருவர் தம் விருப்பத்தைத் தாளில் எழுதி, மூத்த பிள்ளையிடமும் குடும்ப வைத்தியரிடமும் ஒவ்வொரு படி கொடுத்து வைத்தலை எச்சட்டமும் தடுக்கவில்லை. அதனை எழுதும் நாள், நோய் வருமுன் உள்ள நாள்; கட்டிலைச் சுற்றி மக்கள் இரு கட்சியாய் நின்று வாதிடும் நாளன்று.