மடிக்கணினிக்குள் ஒரு துறைமுகம்

கிள்ளான் துறைமுகத்தில் சரக்கைக் கொள்கலனில் ஏற்றுவதுபோல, மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றோடு ‘கொள்கலனில்’ அடைக்கிறார்கள். அந்தக் கொள்கலன்களை நிர்வகிக்கும் குபெர்னெட்டீஸை 2014-இல் கூகுள் வெளியிட்டது. கிரேக்கத்தில் ‘சுக்கான் பிடிப்பவர்’ என்று பொருள்.

இதைப் பழக, கிளவுட் வாடகை கட்ட வேண்டியதில்லை. ‘மினிகியூப்’ இலவசம். டோக்கரும், 2 ஜிபி காலி நினைவகமும், 20 ஜிபி காலி இடமும் இருந்தால், வீட்டு மடிக்கணினியே போதும்.

ஊடகம் படித்த வானொலி அறிவிப்பாளர் எனக்கு இதில் என்ன வேலை? இருக்கிறது. அதன் விளக்கக் குறிப்புகளும் மொழிபெயர்ப்புக் கோப்புகளும் கிட்ஹப்பில் திறந்தே இருக்கின்றன. நிரல் எழுதத் தெரியாதவரும் திருத்தம் அனுப்பலாம். ஏற்கப்பட்டால் அவர் பெயரிலேயே பதிவாகும்.

வேலை தேடும் தம்பி தங்கைகளே, நேர்காணலில் சான்றிதழோடு அந்தப் பதிவையும் காட்டுங்கள்.