அதிர்ஷ்டத்துக்கு எத்தனை மார்க்?

நடுவர் அவர்களே, 'உழைப்பு, உழைப்பு' என்று சொல்லியே நம்மையெல்லாம் களைப்பாக்கிவிட்ட எதிரணி நண்பர்களே (சிரிப்பு), அரங்கம் நிறைய வந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, வீட்டில் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே!

இன்றைய தலைப்பு: வெற்றிக்குக் காரணம் திறமையா, அதிர்ஷ்டமா? நான் அதிர்ஷ்டத்துக்காகப் பேச வந்திருக்கேன். ராசிக்கல், ஜாதகம் எல்லாம் நான் எடுக்கப் போறதில்லை. ஒரு கால்பந்து அணியை எடுத்துக்கறேன். ஏன்னா அங்கே எல்லாத்துக்கும் கணக்கு இருக்கு. கணக்கு பொய் சொல்லாது பாருங்க.

இங்கிலாந்துல லெஸ்டர்னு ஒரு ஊர். லெஸ்டர் சிட்டின்னு ஒரு அணி. அங்கே பிரீமியர் லீக்ல 20 அணிகள். ஒவ்வொரு அணியும் மத்த 19 அணிகளோட ரெண்டு ரெண்டு தடவை, ஆக 38 ஆட்டம் ஆடணும். ஜெயிச்சா 3 பாயின்ட், ட்ரா ஆனா 1, தோத்தா ஒண்ணும் கிடையாது. 2014-15 சீசன்ல கிறிஸ்துமஸ் சமயத்துல லெஸ்டர் கடைசி இடத்துல கிடந்த அணி. தட்டுத் தடுமாறி 14-வது இடத்துக்கு வந்து தப்பிச்சது. அடுத்த சீசனுக்கு கிளாடியோ ரனியேரின்னு ஒரு இத்தாலிக்காரர் கோச்சா வந்தார். அதுக்கு முந்தின வேலை கிரீஸ் நாட்டு அணிக்கு. ஃபாரோ தீவுகள்ங்கிற குட்டித் தீவு அணிகிட்ட தோத்ததால வேலை போனவர்! லெஸ்டர் சாம்பியன் ஆகும்னு ஒரு பவுண்டு கட்டினா 5000 பவுண்டு தர்றோம்னு பந்தயக்காரங்க சொன்னாங்க. அவ்வளவு நம்பிக்கை! (சிரிப்பு)

2016 மே 2-ம் தேதி அந்த அணி சாம்பியன். 81 பாயின்ட். ரெண்டாவது வந்த ஆர்சனல் 71.

எதிரணி நண்பர் துள்ளுறார் பாருங்க. "10 பாயின்ட் வித்தியாசம் அதிர்ஷ்டத்துல வருமா?"ன்னு கேட்கிறார். நியாயமான கேள்வி. வாங்க, உள்ளே போய்ப் பார்க்கலாம்.

லெஸ்டர் ஜெயிச்சது 23 ஆட்டம். அதுல 14 ஆட்டத்துல ஒரே ஒரு கோல்தான் வித்தியாசம். நார்விச் கூட நடந்த ஆட்டம் 89-வது நிமிஷம் வரைக்கும் 0-0. அதுக்கப்புறம்தான் ஒரே கோல், மூணு பாயின்ட். இந்த 14-ல அஞ்சே அஞ்சு ஆட்டத்துல எதிராளி கடைசி நிமிஷத்துல ஒரு கோல் போட்டிருந்தா? அஞ்சும் ட்ரா. பத்து பாயின்ட் போச்சு. 81 பாயின்ட் 71 ஆகிடும். ஆர்சனலும் 71. சமமா இருந்தா போட்ட கோலுக்கும் வாங்கின கோலுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்ப்பாங்க. லெஸ்டருக்கு 32 இருந்தது, அஞ்சு குறைஞ்சா 27. ஆர்சனலுக்கு 29. கோப்பை ஆர்சனலுக்குப் போயிருக்கும்! ஒன்பது மாச உழைப்பு ஐயா, அஞ்சு கோல்ல கை மாறியிருக்கும். (கைதட்டல்)

கால்பந்துல ஏன் இப்படி? கூடைப்பந்தை எடுத்துக்குங்க. ஒரு ஆட்டத்துல நூறு பாயின்ட் கூட வரும். ஒரு பந்து தவறினா அடுத்த பந்துல சரி பண்ணிக்கலாம். கால்பந்துல ரெண்டு அணியும் சேர்ந்து சராசரியா மூணு கோல் கூடப் போடறதில்லை. அதனால ஒரு பந்து கம்பத்துல பட்டு உள்ளே விழுதா, வெளியே போகுதாங்கிறதுலயே ஆட்டம் முடிஞ்சுடும். கோல் குறையக் குறைய அதிர்ஷ்டத்துக்கு வேலை அதிகம்.

இன்னும் ரெண்டு வாசல் வழியாவும் அதிர்ஷ்டம் உள்ளே வந்தது. ஒண்ணு, காயம். அந்த சீசன்ல ஆட்டத்துக்கு ஆட்டம் ஆளை மாத்தினது மிகக் குறைவான அணி லெஸ்டர்தான். முக்கியமான ஆளுங்க யாருக்கும் நீண்ட நாள் படுக்கை இல்லை. இன்னொண்ணு, மத்தவங்க சறுக்கினது. முந்தின வருஷ சாம்பியன் செல்சி 10-வது இடத்துக்குப் போச்சு. பெரிய பணக்கார அணிகளான மான்செஸ்டர் சிட்டியும் யுனைடெட்டும் 66 பாயின்ட்டோட நின்னுட்டாங்க. அடுத்த சீசன்ல செல்சி சாம்பியன் ஆனது 93 பாயின்ட்ல. அந்த வருஷம் 81 எடுத்திருந்தா லெஸ்டருக்குக் கோப்பையைக் கண்ணால பார்க்கிறதோட சரி.

அப்போ எல்லாமே அதிர்ஷ்டமா? இல்லீங்க. அப்படிச் சொன்னா எனக்கே அடுக்காது. ஃபாக்டரியில வேலை பார்த்துக்கிட்டே பந்து உதைச்ச ஜேமி வார்டியைச் சின்ன லீக்லருந்து கண்டுபிடிச்சுக் கொண்டு வந்தாங்களே, அது திறமை. தொடர்ந்து 11 ஆட்டத்துல கோல் போட்டாரே அவர், அது உழைப்பு. பிரான்ஸ்ல அதிகம் பேருக்குத் தெரியாம இருந்த மாரெஸையும் கான்டேயையும் தேடிப் பிடிச்சது கண்ணு. சரி, அப்போ அதிர்ஷ்டத்துக்கு எத்தனை மார்க் போடறது?

ஒரு கணக்கு போடுவோம். 20 அணியும் திறமையில சரிசமம்னு வெச்சுக்குங்க. 380 ஆட்டத்தையும் பூவா தலையா போட்டே முடிவு பண்றோம். அந்த சீசன்ல 107 ஆட்டம் ட்ரா ஆச்சு, அந்த ட்ராவையும் அப்படியே சேர்த்துக்கிறோம். அப்பவும் யாராவது ஒருத்தர் முதல்ல வருவார், ஒருத்தர் கடைசியில வருவார். முதல் ஆள் 67 பாயின்ட் கிட்ட, கடைசி ஆள் 37 கிட்ட. ஒரு திறமையும் வேண்டாம், காசு சுண்டினாலே இவ்வளவு வித்தியாசம் வரும்! உண்மையில நடந்தது என்ன? லெஸ்டர் 81, கடைசி இடத்து ஆஸ்டன் வில்லா 17. இந்த அளவுக்கு ஏறவும் இறங்கவும் அதிர்ஷ்டத்தால மட்டும் முடியாது.

சராசரி 52 பாயின்ட். அதுலருந்து அணிகள் பொதுவா விலகி நின்னது 15 பாயின்ட் அளவு. வெறும் அதிர்ஷ்டம்னா விலகல் 8 பாயின்ட் அளவுதான். புள்ளியியல்ல இதை வர்க்கம் எடுத்துத்தான் ஒப்பிடணும். எட்டெட்டு 64, பதினஞ்சு பதினஞ்சு 225. ஆக நூத்துக்கு 28 மார்க் அதிர்ஷ்டத்துக்கு.

நடுவர் அவர்களே, நம்ம ஊர்ல பாஸ் மார்க் 35. அதிர்ஷ்டம் தனியா நின்னா பாஸ் கூட ஆகாது! (பலத்த சிரிப்பு, கைதட்டல்) ஆனா அந்த 28 இல்லாம முதல் ரேங்க் வாங்கறது ரொம்பக் கஷ்டம். வள்ளுவரும் ஆள்வினை உடைமைன்னு ஒரு அதிகாரம் வெச்சவர், ஊழ்னும் ஒண்ணு வெச்சிருக்கார். ஊழ் எத்தனாவது அதிகாரம் தெரியுமா? முப்பத்தெட்டு. லீக்ல எத்தனை ஆட்டம்? முப்பத்தெட்டு! (கைதட்டல்)

சிரிச்சாச்சு. இப்போ சிரிக்க முடியாத விஷயத்துக்கு வர்றேன். அந்த 28 மார்க்கை மறந்தவங்க என்ன பண்றாங்க தெரியுமா? அடுத்த சீசன்ல கான்டே வேற அணிக்குப் போயிட்டார். போன வருஷம் உள்ளே விழுந்த பந்து இந்த வருஷம் வெளியே போச்சு. 2017 பிப்ரவரியில, கோப்பை வாங்கிக் கொடுத்து ஒன்பது மாசம்தான் ஆச்சு, ரனியேரியை வேலையை விட்டு அனுப்பிட்டாங்க. ஒன்பதே மாசத்துல ஒரு மனுஷன் மூளை மழுங்கிப் போயிடுமா? அவருக்கு மூளை அதேதான். பாதி வித்தியாசம் ஆளு, மீதி வித்தியாசம் காத்து.

இன்னொரு கதை கேளுங்க. 2019 ஜனவரி 3. மான்செஸ்டர் சிட்டியும் லிவர்பூலும் மோதறாங்க. 0-0. லிவர்பூல் உதைச்ச பந்து கம்பத்துல பட்டு, கடைசியா கோல் கோட்டு மேல உருளுது. சிட்டி ஆட்டக்காரர் ஓடி வந்து தட்டி விட்டுட்டார். அளந்து பார்த்தா, முழுப் பந்தும் கோட்டைத் தாண்ட ஒரு சென்டிமீட்டரும் கொஞ்சமும்தான் பாக்கி. ஒரு விரல் அகலம் கூட இல்லை. அந்த ஆட்டத்துல சிட்டி 2-1 ஜெயிச்சுது. சீசன் முடிவுல சிட்டி 98, லிவர்பூல் 97. லெஸ்டர் 81 எடுத்து முதல். இவங்க 97 எடுத்து ரெண்டாவது!

லிவர்பூல்காரங்க என்ன செஞ்சாங்க? கோச் யூர்கன் கிளாப்பை மாத்தலை. அடிப்படை ஆட்டக்காரங்களையும் கலைக்கலை. "நம்ம ஆட்டம் சரி, பந்துதான் உருளலை"ன்னு புரிஞ்சுக்கிட்ட மாதிரி அடுத்த வருஷமும் அப்படியே ஆடினாங்க. 2019-20-ல 99 பாயின்ட், சாம்பியன். திறமை இருக்கிறவன் திரும்பத் திரும்பக் களத்துல நின்னா, அதிர்ஷ்டம் ஒரு நாள் அவன் பக்கமும் வந்துதான் ஆகணும்.

தாய்மார்களே, உங்க வீட்டுலயும் ஒரு லீக் நடக்குது. கட்-ஆஃப்ல அரை மார்க்குல சீட் போன பிள்ளை உங்க வீட்டுலயோ பக்கத்து வீட்டுலயோ இருக்கும். அந்த அரை மார்க், ஒரு சென்டிமீட்டர் பாக்கியா நின்ன அந்தப் பந்து மாதிரி. படிச்ச கேள்வி வந்திருந்தா கோல், வரலைன்னா இல்லை. அந்தப் பிள்ளையை "உருப்பட மாட்டே"ன்னு சொல்லிடாதீங்க. படிக்கவே இல்லைன்னா கேளுங்க, அது வேற. ஒழுங்கா ஆடித் தோத்தவனை வேலையை விட்டு அனுப்பாதீங்க. அதே மாதிரி, முதல் ரேங்க் வாங்கின பிள்ளைகிட்டயும், "நூத்துல 28 உன்னுது இல்லைடா கண்ணா"ன்னு அன்பாச் சொல்லி வைங்க. தலை கனக்காது.

ஜெயிச்சவனுக்குப் பணிவும் தோத்தவனுக்கு இன்னொரு வாய்ப்பும் கிடைக்கணும்னா, அதிர்ஷ்டத்துக்குரிய மார்க்கை மறைக்காம போட்டாகணும். அதைப் போட்டு எங்கள் அணிக்குத் தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.

(பலத்த கைதட்டல்)