தவறாமல் வாடகை தருபவரிடம் ஏற்றிக் கேட்கலாமா? ஒரகடம் வட்டாரத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு கணக்கு!

ஐந்து வருடமாக அதே வாடகைக்காரர். மாதம் ஐந்தாம் தேதிக்குள் போனில் பணம் வந்துவிடும். ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவில் வந்தாலும் சத்தம் இருக்காது. வீட்டுக்காரர்கள் ஊருக்குப் போனால் தண்ணீர் மோட்டாரைக்கூட அவரே பார்த்துக்கொள்வார். வாடகை 7,000 ரூபாய். ஆனால், பக்கத்துத் தெருவில் இதே அளவு வீடு 9,000 போகிறது. ஏற்றிக் கேட்பதா, விட்டுவிடுவதா?

ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை, மாடியில் ஒரு போர்ஷன் கட்டி வாடகைக்கு விட்டிருக்கும் குடும்பங்களுக்கு இது சின்னக் கேள்வி இல்லை. பல வயதானவர்களுக்கு அந்த வாடகைதான் பென்ஷன்.

கம்பெனியை நம்பிய வாடகை

இந்த வட்டாரத்தின் வாடகை, தொழிற்சாலைகளோடு ஏறி இறங்குவது. 2006-ல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை தொடங்கியது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிசான் வந்தது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு தேவைப்பட்டது. ஆனால், 2014 நவம்பர் 1-ம் தேதி நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். வேலை போனால் வாடகைக்காரர் சொந்த ஊருக்குத் திரும்பிவிடலாம்; கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் தவணை நிற்காது.

இப்போது மறுபடியும் ஆலைகள் பெருகிவிட்டன. கூடவே, 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கும் சிப்காட் விடுதி வளாகமும் திறக்கப்பட்டது. 'இவர் போனால் இன்னொருவர்' என்று எப்போதும் சொல்லிவிட முடியாது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

7,000 ரூபாயிலேயே விட்டால் வருடத்துக்கு 84,000. ஒரேயடியாக 9,000 கேட்டு, அவர் காலி செய்துவிட்டார் என்று வையுங்கள். வீடு இரண்டு மாதம் சும்மா கிடந்து, பெயின்ட், ரிப்பேருக்கு 10,000 செலவானால், மீதிப் பத்து மாத வாடகையில் கையில் நிற்பது 80,000. ஏற்றாமல் இருந்ததைவிட 4,000 குறைவு! 500 ரூபாய் மட்டும் ஏற்றி அவர் தொடர்ந்தால் 90,000.

இரண்டாம் வருடத்திலிருந்து 9,000 லாபம்தானே என்று கேட்கலாம். புதியவரும் இவரைப் போலவே அமைந்தால், சரிதான்.

அதற்காக ஏற்றவே கூடாது என்றும் இல்லை. வருடம் 5 சதவிகிதம் ஏற்றியிருந்தால், 7,000 ரூபாய் ஐந்து வருடத்தில் ஏறத்தாழ 8,900 ஆகியிருக்கும். முதல் வருடம் 350 ரூபாய் கேட்கக் கூச்சப்பட்டவர்தான், இன்று 2,000 கேட்டு சங்கடப்படுகிறார். வாடகைக்காரருக்கும் 350 சுமை இல்லை. 2,000 என்பது பிள்ளையின் டியூஷன் பணம்.

எப்படிக் கேட்பது?

* மூன்று மாதம் முன்பே உட்காரவைத்துப் பேசுங்கள். வாட்ஸ்அப் மெசேஜில் முடிக்காதீர்கள்.
* விட்டுப்போன 2,000-ஐ ஒரே தடவையில் கேட்காமல், மூன்று, நான்கு வருடங்களுக்குப் பிரித்து ஏற்றுங்கள்.
* ஒழுகும் குழாய், பெயர்ந்த பூச்சு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பிறகு கேட்டால் நியாயமாக இருக்கும்.
* பள்ளிக்கூட வருடத்தின் நடுவில் வேண்டாம். கம்பெனியில் இன்கிரிமென்ட் வரும் மாதம் எது என்று கேட்டு, அதன்பின் ஏற்றுங்கள்.
* வருடா வருடம் எவ்வளவு ஏறும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாடு வாடகைச் சட்டம், எழுத்துபூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்யச் சொல்கிறது. ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், வீட்டுக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்பதும் அந்தச் சட்டம்தான்.

வாடகைக்காரர்களும் ஒன்றைச் செய்யலாம். உயர்வு கட்டுப்படியாகாவிட்டால், முகம் சுளிக்காமல், 'இவ்வளவுதான் முடியும்' என்று தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. அவர் எந்தத் தொகை வந்தால் 'டு-லெட்' போர்டு தேடிக் கிளம்புவார் என்பது தெரிந்துவிட்டால், அதற்குக் கீழே நிற்பதுதான் வீட்டுக்காரருக்கும் லாபம்!