கைக்கடிகாரத்தின் கீறலும் தீவின் உப்புக் காற்றும்

சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலேறி, ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடந்து அந்தமானில் வாழ்க்கை அமைத்துக்கொண்ட தமிழர் பலர். அவர்களுள் நல்லதொரு கைக்கடிகாரத்தைப் பொக்கிஷம்போல் போற்றுவோரும் உண்டு. அது பல ஆண்டுச் சேமிப்பில் வாங்கியதாக இருக்கலாம். திருமணத்தன்று மாமனார் வீட்டார் அணிவித்ததாக இருக்கலாம். தந்தையார் விட்டுச் சென்றதாகவும் இருக்கலாம். கண்ணாடிபோல் முகம் காட்டும் அதன் எஃகுப் பரப்பில் ஒரு நாள் ஒரு கீறல் விழுந்துவிடுகிறது. உடனே மனம் பதறுகிறது. ‘பாலிஷ் போட்டால் போய்விடும்’ என்று அருகிலிருப்போர் ஆலோசனை கூறுகின்றனர். அது தக்க ஆலோசனைதானா? கீறலைப் போக்குவது எப்போது நன்மை, எப்போது தீமை? தீவில் வாழ்வோர் கீறலைவிட அஞ்சவேண்டியது யாது? இவற்றை நேயர்கள் அறிந்திருத்தல் நலம்.

முதலில் உலோகத்தின் இயல்பைக் காண்போம். நம் இல்லங்களில் எவர்சில்வர் என்று வழங்கும் துருப்பிடியா எஃகுதான் கடிகாரக் கூட்டிலும் அமைந்துள்ளது. 1913ஆம் ஆண்டில், இங்கிலாந்திலுள்ள ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல்களுக்கு உகந்த எஃகைத் தேடிய ஹாரி பிரியர்லி என்பவர், குரோமியம் கலந்த எஃகு எளிதில் துருப்பிடிப்பதில்லை என்று கண்டார். ஏறக்குறைய அதே காலத்தில் ஜெர்மனியின் குருப் ஆலையினர் நிக்கலையும் சேர்த்து வேறொரு வகையை உருவாக்கினர். சேலம் உருக்காலையில் 1981 முதல் உருவாகிவரும் தகடுகளும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. சமையற் பாத்திரங்களில் உயர்ந்தவற்றில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கு குரோமியமும் எட்டுப் பங்கு நிக்கலும் இருக்கும். நல்ல கடிகாரங்களிலோ 316எல் என்னும் வகை மிகுதியாகப் பயன்படுகிறது. அதில் இரண்டு முதல் மூன்று சதவீதம் மாலிப்டினம் கலந்திருப்பதால், அது உப்பைக் கூடுதலாகத் தாங்கும். சுவிட்சர்லாந்தின் ரோலக்ஸ் நிறுவனம் 1985இல் கையாளத் தொடங்கிய 904எல் என்னும் வகையில் மாலிப்டினம் இன்னும் அதிகம். செம்பும் சிறிது உண்டு. ஆனால் இச்சிறப்பெல்லாம் அரிப்பைத் தடுப்பதற்கே அன்றி, கீறலைத் தடுப்பதற்கு அன்று. விலை உயர்ந்த எஃகும் கீறலுக்கு இடங்கொடுக்கவே செய்யும்.

கீறல் என்பது யாது? மெருகேற்றிய எஃகின் மேடுபள்ளங்கள் ஒளியின் அலைநீளத்தைவிடச் சிறியவை. அவ்வலைநீளம் ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பகுத்தால் வரும் ஒரு கூற்றினும் குறைவு. ஆகவே ஒளி சிதறாமல் ஒரே சீராகத் திரும்பி, பரப்பு கண்ணாடிபோல் ஒளிர்கிறது. கடினமான ஒரு துகள் உராயும்போது எஃகு முழுவதும் பெயர்ந்துவிடுவதில்லை. உழுசாலில் மண் இருமருங்கும் ஒதுங்குவதுபோல் உலோகமும் ஒதுங்கி, நடுவே பள்ளமும் கரைகளில் மேடுமாக நிற்கிறது. அவ்விடத்தில் ஒளி சிதறுவதால் கோடு பளிச்சென்று தெரிகிறது. மங்கலான பரப்பில் கண்ணுக்குத் தோன்றாத நுண்கீறலும் கண்ணாடி மெருகில் பெரிதாகத் தோன்றுவதற்குக் காரணம் இதுவே. கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றுவதெல்லாம் உண்மையில் ஆழமானது என்று எண்ணிவிடலாகாது.

கீறலைத் தருபவற்றுள் முதன்மையானது குவார்ட்ஸ் என்னும் படிகக்கல்லின் துகள். சென்னைக் கடற்கரை மணலிலும், தெருப் புழுதியிலும், சிமெண்டுப் பூச்சிலும் அது கலந்துள்ளது. எஃகைவிட அது பன்மடங்கு கடினம். 2018 முதல் சுவராஜ் தீவு என வழங்கும் ஹேவ்லாக் போன்ற இடங்களில், பவளமும் சிப்பியும் பொடிந்து உண்டாகும் வெண்மணல் சுண்ணாம்புப் பொருளால் ஆனது. குவார்ட்ஸைவிட மிக மென்மையானது. ஆயினும் இருவகை மணலும் கலந்திருப்பது உண்டாதலால், மணல் படிந்த கடிகாரத்தைத் துணியால் அழுத்தித் துடைப்பது எங்கும் தவறே.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். ‘கீறல் விழுந்த இடம் துருப்பிடிக்கும்’ என்ற அச்சம் நம்மிடையே பரவலாக உண்டு. எஃகின் மேல் குரோமியம் ஆக்சைடு என்னும் மெல்லிய படலம் ஒன்று இயற்கையாகவே அமைந்து அதைக் காக்கிறது. கீறலால் படலம் கிழிந்தாலும், காற்றிலுள்ள பிராணவாயு பட்டவுடன் அது தானே மீண்டும் உண்டாகிவிடுகிறது. ஆகவே திறந்த பரப்பிலுள்ள கீறல் கடிகாரத்தின் உயிருக்கு ஆபத்தன்று. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது.

அந்தமானில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையில் பெய்வதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. காற்றில் ஈரமும் உப்பும் நீங்குவதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேரில், கடலில் கால் நனைக்காதவர் கடிகாரத்திலும் உப்பு படியும். அதனோடு நம் வியர்வையின் உப்பும் சேரும். செயின் கண்ணிகளின் இடுக்கு, பின்மூடியின் விளிம்பு, சாவியின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் இவ்வுப்புநீர் தேங்கி நிற்கிறது. அங்கே பிராணவாயு புகுவது அரிது, படலம் புதுப்பிக்கப்படுவதில்லை. உப்பிலுள்ள குளோரைடு அவ்விடத்தைச் சிறு குழிகளாக அரிக்கிறது. பின்மூடியின் ரப்பர் வளையம் பொருந்தும் விளிம்பு அரிக்கப்பட்டால் நீர் உள்ளே புகுந்து இயந்திரத்தையே கெடுத்துவிடும். மேலே தெரியும் கீறலுக்கு வருந்தி, உள்ளே மறைந்துள்ள உப்பை மறப்பது, கூரையின் வண்ணத்தைப் பார்த்துக்கொண்டு அஸ்திவாரத்தை மறப்பது போன்றதாகும்.

பாலிஷ் என்பதன் பொருளையும் தெளிவாக உணர வேண்டும். மெருகிடுதல் பள்ளத்தை நிரப்புவதன்று. பள்ளத்தின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள எஃகைத் தேய்த்து எடுப்பதாகும். எடுத்த எஃகு திரும்பி வாராது. ஒருமுறை செய்தால் பெரிய மாற்றம் தோன்றாது. மீண்டும் மீண்டும் சக்கரத்தில் கொடுத்தால் கூரிய விளிம்புகள் மழுங்கும். பொறித்த எழுத்துகள் மங்கும். கடிகாரத்தின் உருவமே மாறும். பழங்கடிகாரங்களைச் சேகரிப்போர் மெருகிடாத கூட்டையே பெரிதும் விரும்புவதற்கு இதுவே காரணம். பொன்முலாம் பூசியவற்றில் நிலைமை இன்னும் மோசம். முலாம் சில மைக்ரான் அளவே கனமுடையது. நான்கைந்து தேய்ப்பில் அடியிலுள்ள உலோகம் வெளிப்பட்டுவிடும். கறுப்பு வண்ணப் பூச்சுடைய கடிகாரங்களுக்கும் இது பொருந்தும்.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? சாவி நன்கு அழுந்தியிருக்கிறதா என்று முதலில் பார்க்கவேண்டும். நீர் புகாத தன்மையில் ஐயமில்லையெனில், நன்னீரில் சிறிது மென்சோப்புக் கலந்து, மிருதுவான பல்துலக்கியால் செயின் இடுக்குகளைக் கழுவி, மெல்லிய துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். ஐயமிருந்தால், ஈரத் துணியால் துடைப்பதோடு நிறுத்துக. செயினை மட்டும் கழற்றிக் கழுவுக. தோல்வாரை நீரில் நனைக்கலாகாது. கழுவியபின் ‘கீறல்’ எனத் தோன்றிய கோடுகளுட் சில வெறும் அழுக்கு என்று தெரியவரும்.

எஞ்சிய கீறலின் மேல் விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். நகம் தடையின்றி வழுக்கிச் சென்றால் அது மேலோட்டமானது. நகம் சிக்கினால் ஆழமானது; அதை வீட்டில் தொடவேண்டா. மேலோட்டமான கீறலுக்கு, நகைக்கடைகளில் கிடைக்கும் உலோக மெருகுத் துணி போதுமானது. முன்னதாகக் கண்ணாடியையும், பொறித்த எழுத்துகளையும், நுண்கோடுகள் இழைத்து மங்கலாக விடப்பட்ட பகுதிகளையும் ஒட்டுநாடாவால் மூடிவிடுக. மங்கலான பகுதியில் மெருகுத் துணி பட்டால், அங்கே வேண்டாத பளபளப்பு ஏறி அழகு குலையும். பிறகு அழுத்தம் கொடாமல் ஓரிரு நிமிடம் தேய்த்து நிறுத்திப் பார்க்க வேண்டும். கோடு முற்றிலும் மறையவேண்டும் என்ற பிடிவாதம் கூடாது. அதன் கரைமேடு தணிந்தாலே கண்ணை உறுத்தாது. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் இதைச் செய்யாதிருத்தல் நலம்.

நம் தாய்மார் பாத்திரம் துலக்கும் முறைகளைக் கடிகாரத்தில் கையாளுதல் கூடாது. சாம்பலிலும் செங்கற்பொடியிலும் கடினத் துகள்கள் உள்ளன. ஒரு கீறலைப் போக்கப்போய் நூறு கீறல்களை உண்டாக்கும். புளியின் புளிப்பு பித்தளைக்கு ஏற்றது; எஃகுக்கு அதனால் பயனில்லை. இரும்பு நாரால் தேய்த்தால், அதன் நுண்துகள்கள் பரப்பில் பதிந்து, பின்னர் அவையே துருப்பிடித்துப் பழுப்புப் புள்ளிகளாகத் தோன்றும். ‘எவர்சில்வர் துருப்பிடித்துவிட்டது’ என்று நாம் சில சமயம் வருந்துவது இத்தகைய புள்ளிகளைக் கண்டே.

ஆழமான கீறலைத் தேர்ந்த கைவினைஞரிடமே ஒப்படைக்க வேண்டும். அவர் இயந்திரத்தை வெளியே எடுத்துவிட்டு, கூட்டை மட்டும் தூய்மை செய்து, படிப்படியாக மெருகேற்றுவார். மிக ஆழ்ந்த பள்ளமாயின், லேசர் கதிரால் புதிய எஃகை உருக்கி நிரப்பும் முறையும் உண்டு. இயந்திரத்தைக் கழற்றாமலே கடிகாரத்தைச் சக்கரத்தில் கொடுப்போரிடம் அதை ஒப்படைக்கலாகாது. சூடும் தூசியும் உள்ளே செல்லும். தீவுவாசிகள் மெயின்லாண்ட் என்று குறிக்கும் பெருநிலத்துக்கு விடுமுறையில் செல்லும்போது இப்பணியைச் செய்வித்துக்கொள்ளலாம். ஓசூரில் தொழிற்சாலை கொண்ட டைட்டன், டாட்டா நிறுவனமும் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் இணைந்து 1984இல் தொடங்கியது. அதன் கடிகாரங்களுக்குப் பழுதுபார்க்கும் நிலையங்கள் பல ஊர்களில் உள்ளன. 1961இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் துணையோடு பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவு செய்தது. ஆதலின் தந்தையார் அணிந்த எச்.எம்.டி. கடிகாரத்தின் கூடு தேய்ந்துபோனால் புதியது கிடைப்பது எளிதன்று. அதை மெருகிடுமுன் இருமுறை சிந்திக்க வேண்டும்.

எங்கே கொடுத்தாலும் இரண்டு வேண்டுகோள்களை மறவாதீர்கள். ஒன்று, பின்மூடியின் ரப்பர் வளையத்தையும் சாவியின் வளையத்தையும் மாற்றித் தரவேண்டும். இரண்டு, அழுத்தச் சோதனை செய்து தரவேண்டும். ‘30 மீட்டர்’ என்று பொறித்திருப்பதால் 30 மீட்டர் ஆழத்தில் மூழ்கலாம் என்பது பொருளன்று. கைகழுவும் நீர்த்துளியும் மழைச்சாரலும் தாங்கும் என்பதே அதன் பொருள். கடலடியில் மூழ்குவோர்க்கென வகுத்த சர்வதேசத் தரம், குறைந்தது 100 மீட்டர் தாங்குதிறனை வேண்டுகிறது. அதுவும் வளையம் நல்ல நிலையில் இருக்கும் வரையில்தான்.

எவர்சில்வர்ப் பாத்திரங்களில் பெயரும் தேதியும் வெட்டிக்கொள்வது நம்மவர் வழக்கம். கீறலே ஆயினும் அப்பாத்திரம் யாருடையது, எந்த மங்கல நாளில் வந்தது என்பதை அது கூறுகிறது. அதனால் பாத்திரம் கெட்டதென்று எவரும் வருந்துவதில்லை. உழைக்கும் கையில் ஏறிய கடிகாரத்தின் கீறலும் அத்தகையதே. மெருகுத் துணிக்கு ஆண்டில் ஒரு நாள் போதும்; நன்னீருக்கும் உலர்ந்த துணிக்கும் வாரத்தில் ஒரு நாள் வேண்டும். இம்முறையைக் கைக்கொண்டால், தந்தை அணிந்த கடிகாரத்தை மகனும், அவன் மகளும் அணியலாம்.