குடலின் உட்போர்வையும் வளர்ச்சிக் காரணிகளும்

சைதாப்பேட்டையினின்றும் அடையாற்றுப் பாலத்தைக் கடந்து, கிண்டி வழியே கிழக்கு நோக்கிச் செல்வோர், டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி அம்மையாரின் பெருமுயற்சியால் 1954ஆம் ஆண்டில் தோன்றிய புற்றுநோய் மருத்துவ நிலையத்தை அடைவர். இந்நோய்க்கு மருந்து ஏற்றுக்கொள்வோருட் சிலர், வாய்ப்புண்ணாலும் வயிற்றுப்போக்காலும் வருந்தி, நோயினும் மருந்தே கொடிது என்று கூறக் கேட்கிறோம். இதன் காரணத்தையும், இதற்கு மாற்று உண்டோ என்பதையும் ஈண்டு ஆராய்வோம்.

நமது சிறுகுடலின் உட்போர்வை ஓயாது புதுப்பிக்கப்படுவதொன்று. அதன் நுண்ணிய குழிகளின் அடியில் மூல உயிரணுக்கள் இடைவிடாது பிளந்து பெருகுகின்றன. புதிய அணுக்கள் மேலேறி, மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் உதிர்ந்துவிடுகின்றன. புற்றணுக்களும் பெருகும் இயல்பினவே. சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ் அமெரிக்காவில் வழிநடத்திய குழுவினர் ஆக்கிய அமினோப்டெரின், குழந்தைகளின் இரத்தப் புற்றைச் சிறிதுகாலம் தணித்ததென 1948இல் வெளியாயிற்று. அதன் இனத்ததாகிய மெதோட்ரெக்ஸேட் இன்றும் வழங்குகிறது. அணுக்கள் பெருகுதற்கு இன்றியமையாத போலிக் அமிலத்தின் செயலை இவை தடுக்கின்றன. ஆயின், பெருகும் அணு பகையோ உறவோ என்று பார்ப்பதில்லை. ஆதலின் குடற்போர்வையும் மெலிந்து புண்படுகிறது. கிருமிகள் இரத்தத்திற் புகவும் வழியுண்டாகிறது.

நிற்க. சுண்டெலியின் உமிழ்நீர்ச் சுரப்பியினின்றும் ஸ்டான்லி கோஹன் பிரித்தெடுத்த ஒரு புரதம், எலிக்குட்டிகளின் கண்ணிமைகளை உரிய காலத்திற்கு முன்னரே திறக்கச் செய்தது. உயிரணுக்களை வளரத் தூண்டும் இத்தகைய புரதங்களே வளர்ச்சிக் காரணிகள். இவற்றின் ஆராய்ச்சிக்காக அவர் 1986இல் நோபல் பரிசில் ஒரு பங்கு பெற்றார். பாலிபெர்மின் என்னும் மற்றொரு காரணி, கடுஞ்சிகிச்சை பெற்ற இரத்தப் புற்றுநோயாளர் 212 பேரிடைச் சோதிக்கப்பட்டது. காரணி பெறாதாரில் நூற்றுக்கு 98 பேருக்குக் கடும் வாய்ப்புண் உண்டாயிற்று. பெற்றாரில் 63 பேருக்கே உண்டாயிற்று. 2004இல் அமெரிக்க அரசாங்கம் அதற்கு ஒப்புதல் அளித்தது. இவ்வினக் காரணி எலிகளின் குடலையும் காத்தது. மனிதர் குடலில் அத்துணைத் தெளிவான பயன் இன்னும் நிறுவப்படவில்லை.

இதில் இரண்டு இடர்கள் உள. பெருகத் தூண்டப்பட்ட அணுக்களை நஞ்சு எளிதில் தாக்குமாதலின், காரணிக்கும் மருந்துக்கும் இடையே குறைந்தது ஒரு நாளேனும் விடல்வேண்டும். குடல், மார்பகம் முதலிய உறுப்புக்களில் எழும் புற்றோ, போர்வையணுக்களிற் பிறப்பது. போர்வையைக் காக்கும் காரணி அப்புற்றையும் வளர்க்குமோ என்னும் ஐயம் எழுகிறது. பயிருக்குப் பாய்ச்சும் நீர் களைக்கும் பாய்வதன்றோ?

ஆகவே, இவ்வாராய்ச்சி முதிருங்காறும், சிகிச்சைக் காலத்தில் வயிற்றுப்போக்குக் கண்டோர் அதனைச் சிறிதென எண்ணி மறையாது, மருத்துவரிடம் உடனே உரைப்பதே அறிவுடைமையாம்.