பெட்டியைப் பிரித்துப் பார்!

(மூன்றாம் ஆண்டு, கணினி அறிவியல்)

விசைத்தறி என்றால் பல்லடம். பனியன் என்றால் திருப்பூர். நெய்வதும் தைப்பதும் பாதி வேலைதான். சரக்கு குறைவின்றிப் பெட்டியில் ஏறி, வாங்குபவர் கைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் வேலை முடிந்தது என்று பொருள். கணினி நிரலுக்கும் இதே விதி பொருந்தும் என்பதனை என் அனுபவத்தின் வாயிலாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பல நிரல்களுக்குப் பொதுவாகப் பயன்படும் செயல்களைத் தொகுத்து வைப்பதே 'லைப்ரரி' எனப்படும் நிரலகம். பைத்தான் மொழியில் முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஆக்கிய 'ஓப்பன்-தமிழ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அதைக் கண்ட ஆசையில் நானும் சிறிய நிரலகம் ஒன்றைச் செய்ய முனைந்தேன். நம் கல்லூரி நூலகத்தின் தமிழ் நூற்பட்டியலை அகரவரிசைப்படுத்துவது அதன் பணி.

இதற்குத் தனி நிரல் எதற்கு என்று கேட்கலாம். யூனிகோடு அட்டவணையில் 'ந'வை அடுத்து 'ன' நிற்கிறது. நம் நெடுங்கணக்கிலோ மெய்வரிசையில் 'ன' கடைசி. கணினியை அதன் போக்கில் விட்டால் வரிசை பிறழும். ஆகவே 247 எழுத்துகளையும் முறைப்படி ஒரு கோப்பில் எழுதி, நிரல் அதனைப் படிக்குமாறு அமைத்தேன்.

வீட்டில் என் விண்டோஸ் கணினியில் அருமையாக ஓடியது. 'வீல்' என்னும் பொதியாகக் கட்டினேன். எல்லா இயங்குதளத்துக்கும் ஏற்றது என்னும் குறிப்பு பொதியின் பெயரிலேயே இருந்தது. மதிப்பீட்டுக்கு மூன்று நாள் இருக்கையில், ஆய்வகத்தின் லினக்ஸ் கணினியில் ஆசிரியர் முன்னிலையில் நிறுவினேன். 'கோப்பு இல்லை' என்று நின்றுவிட்டது. ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை, அதுவே எனக்கு அதிகம் சுட்டது.

அம்மா திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் வேலை செய்பவர். அன்றிரவு என் முகவாட்டத்தைக் கண்டு விசாரித்தார். சொன்னேன். "பெட்டிமேல ஒட்டுன லேபிளை நம்பலாமா கண்ணு? இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவரு ஏதாவது ரெண்டு பெட்டியப் பிரிச்சு எண்ணிப் பார்ப்பாரு. நீ பிரிச்சுப் பார்த்தியா?" என்றார்.

நான் பார்க்கவில்லை! வீல் என்பது உண்மையில் ஒரு ஜிப் கோப்புதான், பிரித்துப் பார்க்கலாம். பிரித்தேன். நிரல் இருந்தது, எழுத்து வரிசைக் கோப்பைக் காணோம்!

முதற்பிழை விளங்கிற்று. பொதி கட்ட நான் பயன்படுத்திய செட்டப்டூல்ஸ், நாம் எழுதிச் சொன்னாலன்றி நிரல் கோப்புகளை மட்டுமே எடுத்துக்கொள்ளும்; தரவுக் கோப்பை விட்டுவிடும். வீட்டில் ஓடியது எப்படி? மூல நிரல் இருந்த கோப்புறைக்குள் நின்றே நான் சோதித்தேன். பைத்தான் நிறுவிய பொதியைத் தொடாமல், அருகிலிருந்த மூலத்தையே எடுத்துக்கொண்டது. கிடங்கில் நின்றுகொண்டு, சரக்கு ஊர் போய்ச் சேர்ந்தது என்று மகிழ்ந்ததற்கு ஒப்பாகும் இது.

கோப்பைச் சேர்த்துக் கட்டினேன். லினக்ஸ் மறுபடியும் 'இல்லை' என்றது. இது இரண்டாம் பிழை. கோப்பின் பெயர் ஆங்கிலப் பெரிய எழுத்தில் தொடங்கியது. நிரலில் சிறிய எழுத்தால் குறித்திருந்தேன். விண்டோஸ் வழக்கமாக இரண்டையும் ஒன்றாகவே கொள்ளும். லினக்ஸ் வேறுவேறாகக் கருதும். பெயரைத் திருத்தியதும் ஓடியது.

மூன்றாம் பிழை நண்பனின் விண்டோஸ் கணினியில் காத்திருந்தது. கோப்பு யூடிஎஃப்-8 முறையில் இருந்தது. பைத்தான் 3.14 வரையிலான பதிப்புகள், முறையைச் சொல்லாவிட்டால் விண்டோஸின் பழைய குறியீட்டு அட்டவணையைக் கொண்டே கோப்பைப் படிக்கும். நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் 1252 எண் அட்டவணை. தமிழ்ப் புள்ளியின் மூன்று பைட்டுகளுள் கடைசிக்கு அதில் இடமே இல்லை. எனவே கோப்பைப் படிக்க முடியாமல் நிரல் நின்றது! என் கணினியிலோ எப்போதோ யூடிஎஃப்-8 அமைப்பை இட்டு மறந்திருந்தேன். கோப்பைத் திறக்கும் வரியிலேயே முறையைக் குறிப்பிட்டதும் தீர்ந்தது.

மதிப்பீட்டு நாளில் நிரல் இருவகைக் கணினியிலும் ஓடியது. நூற்பட்டியலில் 'ன' தன் கடைசி இடத்தில் நின்றதைக் கண்டபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லில் அடக்க இயலாது.

நண்பர்களே! நிரல் எழுதுவோர் மூன்றினை மறவாதிருங்கள். கட்டிய பொதியைப் பிரித்துப் பாருங்கள். மூலக் கோப்புறைக்கு வெளியே, புதிய சூழல் ஒன்றில் நிறுவிச் சோதியுங்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓட்டிப் பாருங்கள். 'என் கணினியில் ஓடியதே' என்பது விடையாகாது. நம் நிரலைப் பயன்படுத்துபவர் நம் கணினியில் அமர்ந்திருப்பதில்லை. பாடநூலில் நான் கவனிக்காது விட்ட இப்பாடத்தை, பேக்கிங் மேசையருகே நின்று உழைக்கும் என் அன்னையிடம் கற்றேன் என்பதில் எனக்குப் பெருமையே.